தாம்பரம் வண்டியில் வகுப்பறைகளைத் தேடி

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அன்றைக்கு அது மீட்டர்கேஜ் பாதை. ஆறு ஆண்டுகள் கழித்து, நூறு வயதை எட்டியிருந்த ஒரு கல்லூரி தன் புத்தகங்களையும் ஆய்வுக்கூடச் சாமான்களையும் மூட்டை கட்டிக்கொண்டு, பாரிமுனையை விட்டு இந்தப் பாதையின் கடைசி ஊருக்குக் குடிபோனது. அதுதான் சென்னைக் கிறித்துவக் கல்லூரி. இந்த ரயில் இல்லாமல் அவர்கள் அவ்வளவு தூரம் துணிந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

அதே வண்டியில்தான் நானும் ஏறினேன். உடன் ஒரு நண்பர், கட்டடக்கலைஞர். புறநகர்க் கல்லூரிகள் சிலவற்றுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர். சட்டைப் பையில் லேசர் அளவியை வைத்துக்கொண்டு எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் நீள அகலம் பார்க்கிற பழக்கம் உள்ளவர். பல்லாவரத்திலிருந்து பொத்தேரி வரைக்கும், அங்கிருந்து கிழக்கே கேளம்பாக்கம் சாலை வரைக்கும் இன்று கல்லூரிப் பேருந்து போகாத தெரு கிடையாது. குரோம்பேட்டையில் எம்.ஐ.டி., தாம்பரத்தில் கிறித்துவக் கல்லூரி, சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், வண்டலூரில் கிரசன்ட், காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்., மேலக்கோட்டையூரில் மத்திய அரசின் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். என்று வரிசை நீள்கிறது. ஒவ்வொரு வளாகத்திலும் ஆண்டுக்கொரு கட்டடம் எழும்புகிறது. எழும்பும் கட்டடங்களில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க, பேச, கூடிச் செய்து பார்க்க எப்படிப்பட்ட இடம் கிடைக்கிறது என்று நேரில் பார்ப்பதுதான் எங்கள் நோக்கம்.

முதல் படிப்பறை ரயில் பெட்டியிலேயே இருந்தது. பூங்கா நிலையத்தில் ஏறிய இரண்டு மாணவிகள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மடியில் பை, பையின் மேல் ரெக்கார்டு நோட்டு, கையில் ஸ்கேல். வண்டி நிற்கும்போது கோடு போடுவதும் ஓடும்போது எழுத்தை நிரப்புவதுமாக, கிண்டி வருவதற்குள் ஒரு பக்கத்தை முடித்துவிட்டார்கள். "காலேஜ்ல உக்காந்து எழுதலாமேம்மா?" என்று நண்பர் கேட்டார். "எங்க சார் உக்கார்றது? ஃப்ரீ ஹவர்னா கிளாஸைப் பூட்டிடுவாங்க. லைப்ரரில ரெக்கார்டு எழுதக் கூடாது" என்றாள் ஒருத்தி, தலை நிமிராமலே. அந்தப் பதில் அன்று முழுக்க எங்களை விடவில்லை.

குரோம்பேட்டையில் இறங்கினோம். மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி 1949-ல் தொடங்கப்பட்டது. நிறுவியவர் சி. ராஜம். அதற்காகத் தம் 'இந்தியா ஹவுஸ்' மாளிகையை விற்றவர். விமானம், மோட்டார் வாகனம், மின்னணு, கருவியியல் என்று நாட்டில் அன்று வேறெங்கும் எளிதில் கிடைக்காத துறைகளை, பி.எஸ்ஸி. முடித்தவர்களுக்கு அவர் இங்கே திறந்துவைத்தார். ராமேஸ்வரத்துப் பிள்ளை அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது இங்கேதான். 1978-ல் இது அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமானது. 'தக்ஷா' ட்ரோன்கள் உருவானதும் இந்த வளாகத்தில்.

விமானத் துறை என்றால் ஹாங்கர் வேண்டும். என் நண்பருக்கு ஹாங்கர் மேல் ஒரு தனிக் காதல். நடுவில் தூண் கிடையாது. கூரை உயரம். வாசல் வண்டி நுழைகிற அகலம். தரை எவ்வளவு பாரத்தையும் தாங்கும். விமானம் நின்றால் அது கொட்டகை. அதைச் சுற்றி மாணவர்கள் நின்றால் வகுப்பறை. விமானத்தைத் தள்ளிவிட்டு மேசை போட்டால் பட்டறை. "இதை வரைஞ்சவங்க பாடத்தை நினைச்சு வரையலை, சாமானை நினைச்சு வரைஞ்சாங்க. அதனாலதான் எந்தப் பாடம் வந்தாலும் இது இடம் கொடுக்கும்" என்றார்.

அமெரிக்காவில் இதே எழுத்துகளைப் பெயராகக் கொண்ட எம்.ஐ.டி.யிலும் இப்படி ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943-ல், ரேடார் ஆராய்ச்சிக்காக அவசரமாகக் கட்டிய மரக் கட்டடம். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. 'கட்டடம் 20' என்ற எண்தான். போர் முடிந்ததும் இடித்துவிடுவதாக இருந்தது. ஆனால் 1998 வரை நின்றது. மரச்சுவர் என்பதால் வேண்டியவர்கள் ஓட்டை போட்டு ஒயர் இழுத்தார்கள்; அறையை அகலப்படுத்தினார்கள்; யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நோம் சோம்ஸ்கியின் மொழியியல் வளர்ந்ததும் அந்தக் கூரையின் கீழ்தான். இடத்தைப் புழங்குகிறவர்களே அதை மாற்றிக்கொள்ள விடுவது எவ்வளவு பெரிய கொடை என்பதற்கு அந்தக் கட்டடத்தை இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள்.

நம் ஊரில் அந்த அனுமதி எங்கே தடைப்படுகிறது? நிலையத்துக்கு வெளியே டீ குடித்தபடி நண்பர் ஒரு கணக்கைச் சொன்னார். பொறியியல் கல்லூரிக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் கையேட்டில், 60 பேர் வகுப்புக்கு 66 சதுர மீட்டர் என்பதுதான் பல ஆண்டுகளாக இருந்துவரும் அளவு. தலைக்கு 1.1 சதுர மீட்டர். பெஞ்சுகளை நெருக்கி வரிசையாகப் போட்டு, எல்லாரும் பலகையைப் பார்த்து உட்கார்ந்தால் மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். குழுவாக உட்கார வைக்க வேண்டுமென்றால் தலைக்கு இரண்டு முதல் இரண்டரை சதுர மீட்டர் வேண்டும். அமெரிக்காவின் வடக்குக் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பெய்க்னர் இயற்பியல் வகுப்பை மாற்றியபோது, ஏழடி விட்டமுள்ள வட்ட மேசைக்கு ஒன்பது பேர், மூன்று மூன்று பேராக மூன்று குழு என்று வைத்தார். உலகம் முழுக்க அதைப் பின்பற்றியவர்கள் உண்டு. அந்த மேசைகளை 66 சதுர மீட்டருக்குள் அடைத்தால், ஆசிரியர் மேசைகளுக்கு நடுவே நடந்து போகக்கூட வழி இருக்காது.

"அப்போ முடியாதுன்னு விட்டுடலாமா?" என்றேன்.

"எல்லா அறையையும் மாத்த வேண்டாம். பத்துல ரெண்டு போதும். ஆனா ரெண்டு அறையைச் சேர்த்து ஒண்ணாக்க வழி வைக்கணும்."

அந்த வழியை அவர் விளக்கியதுதான் எனக்கு இந்தப் பயணத்தின் முதல் பாடம். இன்றைய கட்டடங்களில் பாரத்தைத் தாங்குவது தூணும் உத்தரமும். சுவர் வெறும் தடுப்பு. ஆகவே இரண்டு வகுப்புக்கு நடுவிலுள்ள சுவரைப் பிறகு எடுத்துவிடலாம் என்று ஏட்டளவில் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் சிக்கனம் கருதி அந்தச் சுவருக்குள்தான் மின்சாரக் குழாய் போகிறது. ஸ்விட்ச் பலகை அதில் இருக்கிறது. எழுது பலகையும் புரொஜெக்டர் ஒயரும் அதில்தான். பத்தாண்டு கழித்து அதை இடிக்க வேண்டுமென்றால் ஒரு மாடியையே இருட்டாக்க வேண்டியிருக்கும். கட்டும்போதே "இந்தச் சுவரில் ஒயர் ஓடக் கூடாது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். அதற்குப் பெரிதாகச் செலவு கிடையாது. அந்த ஒரு வரியை எழுதவைக்கத் தாம் பட்ட பாட்டை அவர் சொன்னபோது குரலில் வருத்தம் தெரிந்தது.

சானடோரியம் நிலையத்தை ரயிலிலிருந்தே பார்த்தோம். 1928-ல் டாக்டர் டேவிட் சவரிமுத்து இங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இங்கிலாந்தில் அதே வைத்தியத்தைச் செய்துவந்தவர். அன்று காசநோய்க்குத் தனி மருந்து கிடையாது. திறந்த வெளி, நல்ல காற்று, ஓய்வு, உணவு, இவைதான் வைத்தியம். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில்தான் அடுத்த நிலையத்துக்குக் கல்லூரி வந்தது. நோயாளிக்கும் மாணவனுக்கும் ஒரே காற்றை நம்பி இந்த ஊரைத் தேர்ந்தெடுத்த அந்தத் தலைமுறையை மதிக்கத் தோன்றுகிறது. இப்போது இதே ஊரில் கட்டுகிறவர்கள் முதல் வேலையாக ஜன்னலைக் கண்ணாடியால் மூடுகிறார்கள்.

தாம்பரத்தில் கிழக்குப் பக்கம் இறங்கினால் வேளச்சேரி சாலையின் இரைச்சல் நம்மை மொய்த்துக்கொள்ளும். அனுமதி பெற்றுக் கல்லூரி வாயிலைத் தாண்டியதும் அது குறைந்துகொண்டே வந்து, கொஞ்ச தூரத்தில் இலைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. சேலையூர்க் காட்டிலிருந்து கல்லூரிக்குக் கிடைத்த நிலம் சுமார் 390 ஏக்கர். கட்டடங்களை வடிவமைத்தவர் ஹென்றி ஷாட்டி என்ற சுவிட்சர்லாந்துக்காரர். மரங்களுக்குப் பொறுப்பேற்றவர் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் மனைவி ஆலிஸும் அந்த வேலையில் கூட நின்றார். வேதியியல்காரர் ஒருவர் தாவரங்களில் இப்படி ஊறிப்போனது அந்தக் காலத்துக் கல்லூரிகளில்தான் நடக்கும். ஒரு காட்டுச் செடி இனத்துக்கே அவர் பெயர் இருக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் இந்த வளாகத்தின் மரங்களை ஏராளமாகச் சாய்த்தது. இருந்தும் நண்பகலில் தொப்பி இல்லாமல் நடக்க முடிகிறது.

பிரதானக் கட்டடம் ஒரு நடுமுற்றத்தைச் சுற்றி அமைந்தது. முற்றத்தை ஒட்டி நீண்ட வராண்டா. நாங்கள் போனபோது சில வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன; சில காலியாக இருந்தன. ஆள் இருந்தது வராண்டாவில்தான். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஒருவன் வாசிக்க, நால்வர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி இரண்டு பெண்கள் ஒரு கணக்கைப் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பேராசிரியர் வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்தவர் நடக்காமல் அங்கேயே நின்றார். ஆறேழு பேர் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே மணியடித்து முடிந்த பாடம் வெளியே இன்னும் முடியவில்லை.

நண்பர் வழக்கம்போல் அளவியை எடுத்தார். ஆனால் அளந்தது அறையை அல்ல, வராண்டாவின் அகலத்தை. இரண்டு பேர் எதிரெதிரே நடந்து போகும்போது மூன்றாவது ஆள் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருக்க முடிகிறதா என்பது அவருடைய சோதனை. இங்கே முடிந்தது. புதிய கட்டடங்களில் நடைவழிக்கு விதி கேட்கும் குறைந்தபட்ச அகலத்தை மட்டும் விட்டு, அதன் இரு பக்கமும் அறைகளை அடுக்கிவிடுகிறார்கள். பகலிலும் டியூப்லைட் எரியும். அங்கே யாரும் நிற்க முடியாது. நின்றால் காவலாளி "நகருங்க, நகருங்க" என்பார். அகமதாபாத் ஐ.ஐ.எம். வளாகத்தை வரைந்த லூயி கான், மாணவர்கள் சந்தித்துப் பேசும் இடமாகவே நடைவழியைக் கருதி அதை அகலமாக வைத்தார். அதற்கு முன்பே தாம்பரத்தில் அது இருந்தது. அதற்கும் முன்பே நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருந்தது: தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே, காலையில் பள்ளி, மத்தியானம் படுக்கை, மாலையில் ஊர்ப் பேச்சு.

விடுதிகளை இங்கே 'ஹால்' என்கிறார்கள். சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்ற மூன்றும் முதலில் வந்தவை. ஒவ்வொன்றுக்கும் தனிச் சாப்பாட்டுக் கூடம், தனிப் பொதுக்கூடம், ஒரு வார்டன். வகுப்பறைக்கு வெளியிலும் கல்வி நடக்க வேண்டும் என்பதைக் கட்டடத்திலேயே எழுதிவைத்த ஏற்பாடு இது. இதன் நெகிழ்ச்சி இரண்டே ஆண்டில் சோதனைக்கு வந்தது. சர்வதேச மிஷனரி கவுன்சிலின் உலக மாநாடு சீனாவில் நடப்பதாக இருந்தது. அங்கே போர் மூண்டதால் இடம் மாற்ற வேண்டிவந்தது. 1938 டிசம்பரில், கல்லூரி விடுமுறையில், 69 நாடுகளிலிருந்து 471 பிரதிநிதிகள் தாம்பரத்துக்கு வந்தார்கள். மாணவர் ஹால்களே தங்குமிடம். சாப்பாட்டுக் கூடங்களே அவர்களுக்கும் சாப்பாட்டுக் கூடங்கள். வகுப்பறைகளே குழு விவாதக் கூடங்கள். வரைபடத்தில் 'மாநாட்டு மையம்' என்று எதுவும் இல்லாத கல்லூரி, உலக மாநாடு ஒன்றை நடத்தி முடித்தது. கிறித்துவத் திருச்சபை வரலாற்றில் 'தாம்பரம்' என்றாலே அந்த மாநாட்டைத்தான் குறிக்கும் அளவுக்கு அது பெயர் பெற்றுவிட்டது.

390 ஏக்கர் எல்லாருக்கும் கிடைக்குமா என்று கேட்கலாம். கிடைக்காது. பழைய கட்டடங்களுக்குக் குறைகளும் உண்டு. அந்தக் காலத்தில் யாரும் மடிக்கணினிக்கு மின்சாரம் கேட்கவில்லை. சக்கர நாற்காலியில் வரும் மாணவரை நினைத்துப் படி கட்டவில்லை. இவற்றைச் சரிசெய்தே ஆக வேண்டும். ஆனால் அகலமான வராண்டாவுக்கு ஏக்கர் தேவையில்லை, சில அடி போதும். இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஒரு மரத்தை விட்டுவைக்கவும் காடு தேவையில்லை. தாம்பரத்திலிருந்து புறநகர்க் கல்லூரிகள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் பரப்பளவை அல்ல, அறைக்கும் அறைக்கும் நடுவே ஒன்றுக்கும் ஒதுக்காமல் அது விட்டிருக்கும் இடத்தை. வகுப்பு நிரம்பி வழியும்போது அந்த இடம்தான் தாங்குகிறது. வளரும் வளாகம் முதலில் தின்பதும் அதைத்தான்: கார் நிறுத்துமிடம், புதிய லேப், ஒரு கேன்டீன் என்று.

நம் கல்லூரிகள் நெகிழ்ச்சியே இல்லாதவை என்று சொன்னால் அது அநியாயம். தமிழ்நாட்டின் அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் காலையில் ஒரு ஷிப்ட், மத்தியானம் ஒரு ஷிப்ட் என்று நடந்ததுண்டு. ஒரே பெஞ்சில் காலையில் ஒருத்தியும் மத்தியானம் இன்னொருவனும் படித்தார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்த எத்தனையோ பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே அறைகள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு மையம் ஆகின்றன. தேர்தல் நாளில் வாக்குச்சாவடி ஆகின்றன. கல்லூரிகளே வாக்கு எண்ணும் மையங்களாகவும் மாறுகின்றன. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிய 2015 டிசம்பர் போன்ற நாட்களில் தங்க இடமில்லாதவர்களுக்கு அறைகள் வீடாகின்றன. அவசரம் என்று வந்தால் ஒரே இரவில் எல்லா பெஞ்சையும் நகர்த்தத் தெரிந்தவர்கள் நாம். பாடத்துக்காக மட்டும் ஏன் நகர்த்த மாட்டோம் என்பதே என் கேள்வி.

இதற்கான விடையில் பாதியைப் பொத்தேரிப் பக்கம் கண்டுகொண்டேன். செங்கல்பட்டு வண்டி பிடித்துப் போனோம். மத்தியான வெயிலிலும் நடைமேடை நிறைய கழுத்துப்பட்டை அடையாள அட்டைகள். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் கல்லூரிகளோடு சேர்ந்து ஜெராக்ஸ் கடைகளும் ஜூஸ் கடைகளும் பெருகியிருக்கின்றன. ஒரு டீக்கடையின் பின்புறம் நான்கு பிளாஸ்டிக் மேசைகள். ஒவ்வொன்றிலும் திறந்த மடிக்கணினி. சுவரிலிருந்து ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். "எக்ஸாம் டைம்ல ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்காந்திருப்பாங்க. ஒரு டீ சொன்னா போதும், நான் எதுவும் கேக்க மாட்டேன்" என்றார் கடைக்கார அக்கா. அவருக்கு வணக்கம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பதற்கென்றே கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டியவர்கள் செய்யாததை அவர் செய்கிறார்.

அந்தச் சாலையை ஒட்டிய கல்லூரி ஒன்றில், பெயர் வேண்டாம், 'நவீனக் கற்றல் அறை' என்று ஒன்றைக் காட்டினார்கள். எழுதும் பலகை ஒட்டிய, சக்கரம் வைத்த நாற்காலிகள், வண்ண மேசைகள், எழுதி அழிக்கும் கண்ணாடிச் சுவர். எல்லாமே அழகாக இருந்தன. நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறை மட்டும் இன்னும் கிழிக்கப்படவில்லை. சாவி முதல்வர் அலுவலகத்தில் இருக்கிறது. கேட்டு வாங்கித் திறக்க அட்டெண்டர் வர வேண்டும். ஆய்வுக் குழு வரும்போது திறப்பார்கள். உடன் வந்த இளம் விரிவுரையாளர் மெல்லிய குரலில் காரணம் சொன்னார். வகுப்பு மாறுவதற்கு இடையில் ஐந்து நிமிடம்தான். அதற்குள் மேசையை மாற்றிப் போட யார் இருக்கிறார்கள்? ஏதாவது உடைந்தால் கையெழுத்துப் போட்டவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதோடு, நாற்காலியோடு ஒட்டிய அந்தச் சின்னப் பலகையில் செமஸ்டர் விடைத்தாளை விரித்து எழுத முடியாது. டிராஃப்டரை வைக்க இடம் கிடையாது. இடதுகைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு அந்தப் பலகையும் உதவாது. ஆகவே தேர்வு வந்தால் அறை வீண். பழைய பெஞ்சுகளே நிம்மதி.

அவர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். நம் வகுப்பறையின் உருவத்தை முடிவு செய்வது தேர்வுதான். பெஞ்சின் மேல் சாக்பீஸால் எழுதிய பதிவெண்கள் அழிவதற்குள் அடுத்த தேர்வு வந்துவிடுகிறது. வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்து நாற்காலி வாங்குவது இதற்குத் தீர்வாகாது. ஒருவர் எழுதும் அளவுக்கு அகலமான, இரண்டு பேர் தூக்கினால் நகரும், இரும்புக் காலுள்ள சாதாரணத் தனி மேசை போதும். தேர்வுக்கு வரிசையாகப் போடலாம். மறுநாள் நாலைச் சேர்த்துக் குழு மேசை ஆக்கலாம். காலடியில் ரப்பர் பூண் கட்டாயம். இல்லையென்றால் கீழ்மாடி வகுப்புக்குக் காது போகும். மேசைகளை எப்படியெல்லாம் போடலாம் என்பதை மூன்று படங்களாக வரைந்து சுவரில் ஒட்டினால் மாணவர்களே ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். பிளக் பாயின்ட் தரையில் வேண்டாம். நாம் தண்ணீர் ஊற்றித் தரை கழுவுகிறவர்கள். சுவரோரம், மேசை உயரத்தில் வைக்கலாம். இரண்டு அறைக்கு நடுவே மடிப்புக் கதவு போடுகிறவர்கள் அதை ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்திவிடக் கூடாது. மேலே தளம் வரை அடைக்காவிட்டால் இந்தப் பக்கத்துப் பாடம் அந்தப் பக்கம் நடக்கும். நண்பர் இவற்றையெல்லாம் டீக்கடை ரசீதின் பின்னால் எனக்கு வரைந்து காட்டினார்.

எண்ணிக்கை இன்னும் ஏறத்தான் போகிறது. ஒரு படிப்புக்கு இவ்வளவு பேர்தான் என்றிருந்த உச்ச வரம்பை ஏ.ஐ.சி.டி.இ. 2024-ல் எடுத்துவிட்டது. கணினிப் படிப்புக்குக் கூட்டம் சேரும் கல்லூரிகளில் செக்‌ஷன் மேல் செக்‌ஷன் திறக்கிறார்கள். நாளை வேறொரு துறைக்குக் காற்று வீசினால் இன்று கணினி லேபுக்கென்றே கட்டிய மாடிகளை என்ன செய்வார்கள்? நாற்பது ஆண்டு நிற்கப்போகும் கட்டடத்தை நான்கு ஆண்டு மவுசுக்குக் கட்டுவது பெற்றோர் கட்டும் பணத்துக்குச் செய்யும் துரோகம்.

திரும்பும் வழியில் கிண்டியில் இறங்கிக் கோட்டூர்புரம் போனோம். அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிற பிரிவு. பல நூலகங்கள் தங்கள் புத்தகத்தைப் படிக்கத்தான் இடம் தரும். இங்கே நம் புத்தகத்தைப் படிக்க நாற்காலியும் விசிறியும் வெளிச்சமும் தருகிறார்கள். மாலையில் அங்கே இடம் பிடிக்கப் போட்டி. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், சி.ஏ. மாணவர்கள், வீட்டில் ஒரே அறை உள்ளவர்கள் எல்லாரும் சத்தமில்லாமல் குனிந்திருந்தார்கள். 2024 நவம்பரில் கொளத்தூரில் திறந்த 'முதல்வர் படைப்பக'மும் இதே தேவையை உணர்ந்து வந்ததுதான். அரசு இதைச் செய்ய முன்வந்திருக்கிறது. கல்விக் கட்டணம் வாங்கும் வளாகங்கள் மாலை நான்கு மணிக்கு அறைகளைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிடுகின்றன.

கல்லூரி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டடத்தின் வரைபடம் உங்கள் மேசைக்கு வரும்போது அறைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் நடைவழியின் அகலத்தைப் பாருங்கள். எந்தத் துறையின் பெயரும் எழுதாத இடம் ஒவ்வொரு மாடியிலும் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். எந்தச் சுவரில் ஒயர் ஓடக் கூடாது என்று கட்டடக்கலைஞரைக் கேளுங்கள். கட்டி முடித்ததும் சாவியை மாணவர்களிடம் முறை வைத்துக் கொடுங்கள். ஏதாவது ஒரு நாற்காலி உடையட்டும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. கவுன்சலிங் சமயத்தில் கல்லூரி பார்க்கப் போகும்போது காலையில் போகாதீர்கள்; வரவேற்பறையின் குளிரையும் ஸ்மார்ட் கிளாஸின் திரையையும் மட்டும்தான் காட்டுவார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். வகுப்பு முடிந்த பிள்ளைகள் வளாகத்துக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். யாரையாவது நிறுத்தி, "இங்கே உக்காந்து ரெக்கார்டு எழுதலாமாப்பா?" என்று கேளுங்கள்.